பழைய பேச்சு வழக்குகள் எங்கிருந்து வந்தன? பெயரை விட்டு வினையைப் பிடிப்போம்

#1 வேர்தேடி

‘ஒத்து ஊதுகிறார்’, ‘கடுக்காய் கொடுத்துவிட்டான்’, ‘பொடி வைத்துப் பேசுகிறாள்’, ‘காக்காய் பிடிக்கிறான்’. இவற்றுக்குப் பொருள் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கிருந்து வந்தன என்று கேட்டால்தான் தொல்லை. ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். பாதிக் கதைகளில் ஒரு வெள்ளைக்காரத் துரை வருவார், ஆங்கிலத்தில் ஏதோ சொல்வார், அது நம்மவர் காதில் வேறு மாதிரி விழும், அதோடு விளக்கம் முடிந்துவிடும். கேட்பவரும் ‘அப்படியா!’ என்று பத்துப் பேருக்கு அனுப்பிவிடுவார். இது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. இந்தத் தொடர்கள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு தொழிலோ ஒரு கருவியோ ஒரு காசோ இருந்திருக்கிறது. பொய்க்கதை உள்ளே நுழைந்தால் அந்த மெய்யான பொருள் மறந்துபோகும்.

என் யோசனை இது. தொடரில் உள்ள பெயர்ச்சொல்லை வைத்துக் கதை கட்டாமல், அதோடு ஒட்டி வரும் வினைச்சொல்லைப் பாருங்கள். பெயர் தேயும், திரியும், வேறு சொல்லோடு குழம்பும். வினை பெரும்பாலும் பழைய தொழிலையே பிடித்துக்கொண்டிருக்கும்.

காக்காய் பிடிப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். சோற்றை வைத்துவிட்டுக் ‘கா கா’ என்று கூப்பிட்டால் காகம் வரும், அதுபோல ஆளை மயக்கி வரவழைப்பது என்று ஒரு விளக்கம் உண்டு. ஆனால் காகத்துக்குச் சோறு வைப்பார்கள், காகத்தை அழைப்பார்கள், யாரும் பிடிப்பதில்லை. ‘பிடி’ என்னும் வினை எங்கே இயல்பாக வருகிறது? காலைப் பிடித்துவிடுவது, கையைப் பிடித்துவிடுவது. ஆக, ‘கால் கை பிடித்தல்’ என்பதே பேச்சில் ‘காக்கை பிடித்தல்’ ஆகி, பிறகு பறவையாகிவிட்டது. இதே திரிபு வேறோர் இடத்திலும் நடந்திருக்கிறது: கால்கை வலிப்பு மக்கள் வாயில் ‘காக்காய் வலிப்பு’ ஆனது. ஒரே திரிபு தொடர்பில்லாத இரண்டு இடங்களில் நடந்திருப்பதால் நான் இந்த விளக்கத்தை நம்புகிறேன்.

உங்களுக்குத் தெரிந்த பழைய தொடர்களை இந்த உரைகல்லில் தேய்த்துப் பாருங்கள்.

#2 மேளக்கட்டு

நல்ல தொடக்கம் ஐயா. ‘ஒத்து ஊதுதல்’ பற்றி நான் சொல்கிறேன். இன்றைய பிள்ளைகள் பலர் ஒத்தைப் பார்த்ததே இல்லை. சுருதிப்பெட்டி வந்து அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

ஒத்து என்பது நாகசுரத்தைப் போலவே இருக்கும், நீளம் சற்றுக் கூடுதல். அதில் விரல் வைத்து வாசிக்கும் துளைகள் கிடையாது. அடிப்பகுதியில் இருக்கும் சிறு துளைகளை மெழுகால் அடைத்தும் திறந்தும் சுருதியைச் சரிசெய்துகொள்வார்கள். அதன்பின் ஒரே ஒரு சுரம்தான், கச்சேரி முடியும்வரை. ஊதுகிறவர் கன்னத்தில் காற்றை அடக்கிவைத்து, மூக்கால் மூச்சை இழுத்தபடியே அடக்கிய காற்றைச் சீவாளிக்குள் (வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டு) தள்ளிக்கொண்டிருக்க வேண்டும். சுருதி ஒரு நொடிகூட அறுந்துவிடக் கூடாது. உண்மையில் மிகக் கடினமான வேலை. ஆனால் கேட்பவர் கண்ணுக்கு அவர் நாகசுரக்காரர் பக்கத்தில் நின்று எதையும் மாற்றாமல் ஒன்றையே ஊதிக்கொண்டிருப்பவர். வழக்கு அங்கேதான் பிறந்தது.

ஜால்ராவையும் ஒத்தையும் ஒன்றாக நினைப்பவர்கள் இருக்கிறார்கள். பேச்சில் நுட்பமான வேறுபாடு உண்டு. ஜால்ரா ஓசை எழுப்பும். பாடுபவர் வேகமெடுத்தால் அதுவும் வேகமெடுக்கும். ஆகவே, வெளிப்படையாகத் துதி பாடுபவர் ஜால்ரா அடிப்பவர். தலைவர் எது சொன்னாலும் ‘ஆமாம்’ என்ற ஒரே சுரத்தில் நிற்பவர் ஒத்து ஊதுபவர். பின்பாட்டு பாடுபவர் இன்னொரு வகை. சொன்னதையே திருப்பிச் சொல்பவர், கதாகாலட்சேபத்தில் பின்னால் நின்று அடியை வாங்கிப் பாடுபவரைப் போல.

தனி ஆவர்த்தனம், பழைய பல்லவி, அபசுரம், மங்களம் பாடுதல் எல்லாம் இந்த மேடையிலிருந்து இறங்கி வந்தவைதான். ஒரு திட்டத்துக்கு ‘மங்களம் பாடிவிட்டார்கள்’ என்றால் முடித்துவிட்டார்கள் என்று பொருள். கச்சேரியின் கடைசி உருப்படி மங்களம் என்று தெரிந்த சமூகத்தில்தான் இது உடனே விளங்கும்.

#3 உமியோடு

பொடி வைத்துப் பேசுவதைப் பொற்கொல்லர் பட்டறையோடுதான் நான் சேர்ப்பேன். நகையில் இரண்டு துண்டுகளை இணைக்கப் பற்றாசு வைப்பார்கள். பற்றாசைப் பொடியாக்கி, வெண்காரத்தோடு சேர்த்து, இணைப்பின்மேல் துளி அளவு வைத்து, விளக்குச் சுடரை ஊதுகுழலால் அந்த இடத்துக்கு மட்டும் திருப்புவார்கள். பொடி உருகி இடுக்கில் ஓடிவிடும். பிறகு பார்த்தால் இணைத்த தடமே தெரியாது. பேச்சிலும் அப்படித்தான், உள்ளே ஒன்று செருகப்பட்டிருக்கும், வெளியே தெரியாது. ‘பொடி வைத்து ஊதுதல்’ என்று முழுத்தொடராகவே சொல்பவர்களும் உண்டு. வேர்தேடி சொன்ன முறைப்படி ‘வைத்து’, ‘ஊது’ ஆகிய இரண்டு வினைகளும் பட்டறை வினைகள். ‘பற்றவைத்துவிட்டான்’ என்று கோள்மூட்டுபவனைச் சொல்கிறோமே, அது நெருப்பா பற்றாசா என்பதை மட்டும் என்னால் பிரிக்க முடிந்ததில்லை. இரண்டுக்கும் ஒரே வினை.

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். தொழிற்கூட்டத்தின் மறைசொற்களை நம் இலக்கணம் தனியாகவே குறித்துவைத்திருக்கிறது. நன்னூல் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பிரிக்கிறது. குழூஉக்குறிக்கு உரையாசிரியர்கள் தரும் எடுத்துக்காட்டே பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதும், யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பதும். நன்னூலை எழுதிய பவணந்தியார் 13ஆம் நூற்றாண்டு. கொச்சை என்று ஒதுக்காமல் இலக்கணத்துக்குள் அதற்கும் இடம் ஒதுக்கியிருக்கிறார்.

#4 தறிநாடா

கடுக்காய்?

#5 வேர்தேடி

கடுக்காய் பேதிமருந்து. நம்பி வாங்கி உண்டவர் படும் பாட்டை நினைத்துப் பாருங்கள், விளங்கிவிடும். அதில் கவனிக்க வேண்டியது ‘கொடு’ என்னும் வினை. கடுக்காய் கொடுத்தல், டிமிக்கி கொடுத்தல், டேக்கா கொடுத்தல், அல்வா கொடுத்தல். ஏமாற்றுக்குத் தமிழ் ‘கொடு’ என்ற சட்டத்தை வைத்துக்கொண்டு, காலத்துக்குக் காலம் பண்டத்தை மட்டும் மாற்றிக்கொண்டிருக்கிறது. மருந்து போய் இனிப்பு வந்திருக்கிறது.

உமியோடு அவர்களின் நன்னூல் குறிப்பு அருமை. மேளக்கட்டு எழுதியதைப் படித்தபின் ஒத்து ஊதுபவரை வசையாகச் சொல்ல மனம் வரவில்லை.

#6 நாணயப்பெட்டி

காசுப் பக்கம் வராமல் இருக்க முடியுமா?

ஒரு ரூபாய் பதினாறு அணா. ஓர் அணா பன்னிரண்டு தம்பிடி. அதாவது ரூபாய்க்கு 192 தம்பிடி, 64 காலணா. 1957 ஏப்ரல் 1 அன்று ரூபாய் நூறு நயா பைசாவாகப் பிரிக்கப்பட்டதும் கணக்கிலிருந்து அணா வெளியேறியது. வாயிலிருந்து வெளியேறவில்லை. 50 பைசா எட்டணாவாகவும் 25 பைசா நாலணாவாகவும் பேச்சில் தொடர்ந்தன. 25 பைசா நாணயமே 2011 ஜூன் இறுதியோடு செல்லாமல் போனது. ஆனால் ‘காலணாவுக்குப் பெறாதவன்’, ‘தம்பிடி தேறாது’, ‘நாலணாக் கூலி’ எல்லாம் இன்னும் ஓடுகின்றன. முழுக்க முழுக்க உண்மை என்பதைப் ‘பதினாறணா உண்மை’ என்று சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள். நூற்றுக்கு நூறு என்று நாம் சொல்வதன் முந்தைய வடிவம் அது.

ஓட்டைக் காலணா தனிக் கதை. இரண்டாம் உலகப் போரின்போது உலோகத்தை மிச்சப்படுத்த, 1943 முதல் 1947 வரை நடுவில் துளையிட்ட காலணா அச்சடித்தார்கள். ஆகவே, ‘ஓட்டைக் காலணாவுக்கு வக்கில்லை’ என்பதற்கு ஏறத்தாழப் பிறந்த ஆண்டே சொல்லிவிடலாம்.

‘துட்டு’ பற்றி: டச்சுக்காரர்களின் ‘டொய்ட்’ என்ற செப்புக்காசிலிருந்து வந்தது என்பதே பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். டச்சுக் கம்பெனி 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழவேற்காட்டில் காலூன்றியது. 1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்து, 1781வரை வைத்திருந்தது. காசோடு சொல்லும் கரையேறியது. கன்னடத்தில் ‘துட்டு’ பணத்துக்கு அன்றாடச் சொல்லாகவே இருக்கிறது. நம்மிடம்தான் கொஞ்சம் அலட்சியத் தொனி. ‘சல்லி’யும் அப்படித்தான். இங்கே ‘சல்லிக்காசு’ என்றால் மதிப்பில்லாதது. இலங்கைத் தமிழரிடம் சல்லி என்றால் பணம், சிங்களத்திலும் அதுவே.

#7 தறிநாடா

எடை அளவிலும் இதே கதை. ‘வெட்கமா, வீசை என்ன விலை?’ என்று முன்பு கேட்டார்கள். வீசை என்பது 40 பலம், இன்றைய கணக்கில் ஏறக்குறைய 1.4 கிலோ. இன்று ‘கிலோ என்ன விலை?’ என்று அதே கேள்வி, அதே ஏளனம். தராசில் படிக்கல் மாறியதும் வசையிலும் மாற்றிவிட்டார்கள். நாணயப்பெட்டி சொன்னதற்கு இது நேர்மாறு: காலணா மாறாமல் நின்றது, வீசை மாறிவிட்டது. ஏன் என்பது யோசிக்க வேண்டியது. காலணா தொகையாகப் பொருள் தருவதை விட்டு அற்பம் என்பதன் பெயராகவே ஆகிவிட்டது. வீசை கடைசிவரை எடையாகவே இருந்தது.

#8 கடற்காகம்

ஓசி, ஓ.பி. இரண்டையும் யாராவது தீர்த்து வையுங்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவல் கடிதங்களில் ‘கம்பெனிப் பணிக்காக’ என்ற பொருளில் ஆங்கில முதலெழுத்துகள் ஓ.சி.எஸ். இருக்கும், அவற்றுக்குத் தபால் கட்டணம் இல்லை, அதிலிருந்து ஓசி என்கிறார்கள். ஓ.பி. அடிப்பது, பள்ளியில் வகுப்பில்லாத பாடவேளையிலிருந்து வந்தது என்று ஒரு சாரார். மருத்துவமனையின் புறநோயாளி வரிசை என்று மற்றொரு சாரார்.

#9 வேர்தேடி

ஓசிக்கு வினை உதவாது. ‘ஓசியில் சாப்பிட்டான்’, ‘ஓசி வாங்கினான்’ என்று எந்த வினையோடும் சேரும். ஆனால் வேறொரு தடயம் இருக்கிறது. மலையாளத்திலும் கன்னடத்திலும் இதே சொல் இதே பொருளில் வழங்குகிறது. பல மொழிகளுக்குப் பொதுவான ஒரு நிர்வாகத்திலிருந்து, அலுவலகம் வழியாகப் பரவியது என்று கொள்ள இது இடம் தருகிறது. கம்பெனி விளக்கத்துக்கு வலு சேர்க்கிறது, மெய்ப்பித்துவிடவில்லை. கம்பெனி ஆட்சி 1858இல் முடிந்தது. அதற்கு நெருங்கிய காலத்துத் தமிழ் எழுத்தில் ‘ஓசி’ இலவசம் என்ற பொருளில் அகப்பட்டால் அன்று ஏற்றுக்கொள்கிறேன்.

ஓ.பி.க்கு வரும் ‘அடி’ எதையும் காட்டிக்கொடுக்காத வினை. சைட் அடித்தல், காப்பி அடித்தல், அரட்டை அடித்தல், தம் அடித்தல் என்று எதோடும் போகும். இரண்டு விளக்கங்களும் எழுத்துகளுக்கு விரிவு கண்டுபிடிக்கும் வேலையாகத்தான் எனக்குத் தெரிகின்றன. முதலெழுத்துகளுக்கு யார் வேண்டுமானாலும் எத்தனை விரிவு வேண்டுமானாலும் எழுதலாம். அதனாலேயே இந்த வகை விளக்கங்களை நான் கடைசியில் வைப்பேன்.

#10 கடற்காகம்

நன்றி. துரை வரும் கதைகள் எல்லாமே பொய் என்று ஆகிவிடக் கூடாது என்பதற்காக ஒன்று சொல்கிறேன். ‘அவன் பெரிய எம்டன்’ என்று பழைய தலைமுறையினர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். இதில் எந்தச் சந்தேகமும் இல்லை. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே வந்து நின்றது. பர்மா எண்ணெய்க் கம்பெனியின் கிடங்குத் தொட்டிகளைக் குறிவைத்து அரை மணி நேரத்துக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளை வீசிவிட்டு இருளில் மறைந்தது. தொட்டிகள் பற்றி எரிந்தன. உலகப் போர் எங்கோ நடக்கிறது என்று இருந்த மக்கள் மூட்டை கட்டிக்கொண்டு நகரைவிட்டு வெளியேறினார்கள். உயர் நீதிமன்றச் சுற்றுச்சுவரில் குண்டு விழுந்த இடத்தில் கல்வெட்டு இன்றும் இருக்கிறது.

கப்பலின் தலைவர் கார்ல் ஃபான் முல்லர். அந்த ஆண்டு நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற போர்க்கப்பலோடு போரிட்டு எம்டன் முடிவுக்கு வந்தது. சென்னைக்கு வந்துபோய் ஏழு வாரம்கூட இல்லை. ஆனால் சொல் நூறாண்டைத் தாண்டிவிட்டது. எதிர்பாராமல் வந்து, அடித்துவிட்டு, அகப்படாமல் போகிறவன் எம்டன். மலையாளத்தில் ‘எமண்டன்’ என்றால் மிகப் பெரியது. இங்கேயும் எமண்டன் என்று சொல்வார்கள். எமன் என்ற நம் சொல் ஏற்கெனவே வாயில் இருந்ததால் கப்பல் பெயர் எளிதாக ஒட்டிக்கொண்டது.

#11 நூலிழை

வேர்தேடி அவர்களே, உங்கள் முறையை வைத்தே ஒரு கேள்வி. ‘ரீல் விடுதல்’ சினிமாச் சுருளிலிருந்து வந்தது என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆயிரம் அடிச் சுருள், பதினோரு நிமிடம் ஓடும், அதுபோலக் கதையை நீட்டுகிறான் என்று. ஆனால் சினிமாச் சுருளை யாரும் விடுவதில்லை. படத்தை ஓட்டுவார்கள், காட்டுவார்கள். ‘பிலிம் காட்டுகிறான்’, ‘படம் காட்டுகிறான்’ என்று பகட்டுக்குச் சொல்கிறோமே, அதில் வினை சரியாக இருக்கிறது. விடுவது நூலைத்தான். பட்டம் விடுகிறவன் கையிலிருக்கும் நூற்கண்டும் ரீல்தான், தையற்காரர் நூலும் ரீல்தான். தமிழில் பொய்க்கு நூல் குடும்பம் ஒன்று முன்பே இருக்கிறது: சரடு விடுதல், கயிறு திரித்தல். ஒருவர் மனத்தை ஆழம் பார்க்க ‘நூல் விட்டுப் பார்த்தேன்’ என்கிறோம். ஆக ரீல், சரட்டின் தம்பி. சினிமாவுக்கு இதில் பங்கில்லை.

#12 மேளக்கட்டு

எனக்கு உடன்பாடில்லை. ‘விடு’ என்பது நூலுக்கு மட்டும் சொந்தமா? கதை விடுகிறான், புருடா விடுகிறான், பீலா விடுகிறான், பீட்டர் விடுகிறான். புருடாவில் எங்கே நூல்? பொய் எதுவாக இருந்தாலும் ‘விடு’ சேரும் என்ற நிலை வந்தபின், சினிமாச் சுருளுக்கும் அதே வினை ஒட்டியிருக்கலாம். ‘ரீல் அறுந்துவிட்டது’ என்று ஆட்டம் முடிந்ததைச் சொல்வதிலும் இரண்டுக்கும் இடமுண்டு. கொட்டகையில் படச்சுருளும் அறுந்துகொண்டுதான் இருந்தது.

#13 நூலிழை

ஆனால் ‘விடு’ எப்படிப் பொய்யின் வினை ஆனது என்பதற்கு நீங்கள் காரணம் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்: சரடு விடுதலிலிருந்துதான். முதலில் சரடு, அதன் வினை பழகியபின் கதையும் புருடாவும் பீட்டரும் பின்னால் வந்து சேர்ந்தன. ‘கொடு’ ஏமாற்றின் வினையானதற்கு வேர்தேடி சொன்ன அதே வழி.

#14 திண்ணைப்பள்ளி

இந்தச் சண்டையை நான் தீர்க்க முயலவில்லை. இதுவரை யாரும் தொடாத ஒரு பக்கத்தைச் சொல்கிறேன்: ஆற்காட்டு நவாபுகளின் காலத்திலிருந்து வந்து படிந்த சொற்கள். பாரசீகத்தில் ‘பேசார்’ என்றால் சலித்துப்போனவர், நம்மிடம் பேஜார். அரபியில் ‘ஜல்சா’ என்றால் அமர்வு, சபை, நம்மிடம் கேளிக்கை. இந்தியில் ‘கிலாடி’ விளையாட்டுக்காரர். நம்மிடம் கில்லாடி, தந்திரக்காரர். நேர்மையில்லாதவர் என்று பொருள்படும் ‘பேஈமான்’ பேமானி ஆயிற்று. ‘மகிழ்ந்திரு’ என்று வாழ்த்திய ‘ஷாத் பாஷ்’ மட்டும் சபாஷாகி இன்னும் உயரத்தில் நிற்கிறது.

எனக்கு மிகவும் வியப்பளிப்பது கஸ்மாலம். சென்னைத் தெருச்சண்டையின் வசைச்சொல். அதன் மூலம் வடமொழியின் ‘கச்மலம்’, பொருள் அழுக்கு, மனத்தளர்ச்சி. பகவத்கீதையின் இரண்டாம் அத்தியாயம் இரண்டாம் சுலோகத்தில், தளர்ந்து உட்கார்ந்த அர்ச்சுனனைப் பார்த்துக் கண்ணன் கேட்கும் கேள்வியிலேயே இந்தச் சொல் இருக்கிறது. இதைத் திட்டுவதற்குப் பயன்படுத்தியவர்கள் எங்கோ கேட்டு, பொருளையும் சரியாகவே பிடித்திருக்கிறார்கள். அழுக்கு என்றுதான் திட்டினார்கள்.

#15 உமியோடு

அதைவிடப் பழையது ஒன்று நம் எல்லோர் வாயிலும் இருக்கிறது: வெட்டி. ‘வெட்டியாக இருக்கிறான்’, ‘வெட்டி வேலை’, ‘வெட்டிப் பேச்சு’. கத்தியால் வெட்டுவதற்கும் இதற்கும் தொடர்பில்லை. சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘வெட்டி’ என்பது கூலியில்லாமல் செய்ய வேண்டிய கட்டாய உழைப்பு. அதற்கு ஈடாகச் செலுத்தும் வரிக்கும் அதே பெயர். ஏரிக்கரையில் மண் சுமந்தவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பயனற்றது என்ற பொருள் அங்கிருந்து வந்தது. உழைத்தவரின் பார்வையில் அது பயனற்ற வேலை. இன்று வேலையே செய்யாதவனை வெட்டி என்கிறோம். அன்று ஓயாமல் வேலை செய்தவனின் சொல் அது. இவ்வளவு தலைகீழாகத் திரும்பிய சொல் வேறொன்றை நான் அறியேன்.

#16 வேர்தேடி

உமியோடு, வெட்டியில் வினையே இல்லாததால் என் முறை அதைத் தொட்டிருக்கவே முடியாது. கல்வெட்டுதான் காப்பாற்றியது.

ரீல் பற்றி: நூலிழை சொன்ன வரிசை எனக்குச் சரியாகப் படுகிறது. சரடு முந்தியது, ‘விடு’ அங்கே நிலைபெற்றது, மற்றவை பின்னால் வந்தன. ஆனால் அதிலிருந்து ‘சினிமாவுக்குப் பங்கில்லை’ என்று முடிப்பதற்கு மேளக்கட்டு விடமாட்டார், நானும் விடமாட்டேன். சினிமா எந்திரங்களும் இசைத்தட்டு எந்திரங்களும் நம் பேச்சுக்குள் நுழைந்தது உண்மை. ‘பிளேட்டைத் திருப்பிப் போட்டுவிட்டான்’ என்று பேச்சு மாறியவனைச் சொல்கிறோம். நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழன்ற பழைய இசைத்தட்டில் ஒரு பக்கம் மூன்று நிமிடம் ஓடினாலே அதிகம். உடனே எழுந்துபோய்த் திருப்பிப் போட்டாக வேண்டும், வேறு பாட்டு வரும். அதில் ‘திருப்பிப் போடு’ என்ற வினை அப்படியே எந்திரத்தின் முன்னால் நின்றவர் செய்தது. ‘கீறல் விழுந்த ரெக்கார்டு’ம் அதே எந்திரம், ஊசி ஒரே வரியில் சிக்கிக்கொள்ளும். இவ்விரண்டிலும் வினையும் பொருளும் எந்திரத்தோடு பிசகாமல் பொருந்துகின்றன. ரீலில் பொருந்தவில்லை. அதனால் நூல் பக்கம் சாய்கிறேன்.

அடுத்து யாராவது ‘மண்டகப்படி’யை எடுங்கள். திருவிழாவில் உற்சவர் மண்டபத்தில் இறங்கி உபசாரம் பெறுவது எப்படி ‘வாங்கிக் கட்டிக்கொள்வது’ ஆயிற்று, கூடவே அர்ச்சனையும் பூசையும் ஏன் அதே வழியில் போயின என்று கோயில் வழக்கம் தெரிந்தவர்கள் எழுதினால் நன்றாக இருக்கும்.

#17 மேளக்கட்டு

நாளை இரவு எழுதுகிறேன் ஐயா. மண்டகப்படிக்கு முறை வைத்து, இன்னாருக்கு இன்ன நாள் என்று வரிசையாகக் கொடுப்பார்கள். அந்த ‘முறை’யிலிருந்துதான் தொடங்க வேண்டும்.